ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிறது

அனுப்புநர்
உங்கள் டவர் கூலரை வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் ப்ராசஸர் அமரும் இடத்தின் ஒரு வகை) பொருந்தும் என்று விற்கப்பட்ட கூலர், ப்ராசஸரைத் தொடாமல் நிற்பது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ப்ராசஸரின் சூட்டைத் தணிக்கும் உங்கள் நிறுவனத்தின் ஒற்றை ஃபேன் டவர் கூலரை வாங்கி, அதை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பொருத்த மூன்று நாள் போராடியிருக்கிறேன். பொருந்தவே இல்லை என்று சொல்லமாட்டேன். பொருந்துகிறது. ஸ்க்ரூக்கள் இறுகுகின்றன, பிடித்து ஆட்டினால் அசைவதில்லை. ஆனால் ப்ராசஸரின் மேல் உட்காரவில்லை, அந்தரத்தில் நிற்கிறது. உங்கள் சேவைப் பிரிவு இதை என் கைத்தவறு என்று சொல்லி, "தீர்க்கப்பட்டது" என்று புகாரை மூடிவிட்டது. எதுவும் தீரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகங்களை வாசித்துக் குரல் பதிவு செய்து கொடுப்பவள். பார்வையற்ற மாணவர்கள் அவற்றைக் கேட்டுப் படிக்கிறார்கள். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு மேசை அகலம்தான் இடைவெளி. ப்ராசஸரோடு வந்த சின்ன கூலர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் வேலை கூடும்போது அதன் ஃபேன் வேகமெடுத்து, அந்தச் சத்தம் பதிவில் மெல்லிய ரீங்காரமாக விழும். 120 மில்லிமீட்டர் ஃபேன் நிதானமாகச் சுற்றினாலே போதுமான காற்றைத் தள்ளும், சத்தம் குறையும் என்பதால்தான் உங்கள் கூலரைத் தேர்ந்தெடுத்தேன். என் ப்ராசஸர் இன்டெல்லின் கோர் ஐ5-12400. அடிப்படை மின்செலவு 65 வாட், உச்சத்தில் 117 வாட். உங்கள் கூலருக்கு இது ஒரு சுமையே இல்லை.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். மின் இணைப்பைப் பிடுங்கி, பழைய கூலரைக் கழற்றி, ப்ராசஸர் மூடியில் காய்ந்திருந்த, வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பேக்பிளேட் என்ற தாங்கு தகட்டை மதர்போர்டின் பின்னால் வைத்து, உங்கள் படத்தாளில் காட்டியபடி 'பி' பொட்டலத்திலிருந்த நான்கு ஸ்டாண்ட்ஆஃப்களை, அதாவது கூலரைத் தாங்கும் குட்டை உலோகத் தூண்களை, திருகினேன். கூலரின் அடியிலிருந்த பிளாஸ்டிக் படலத்தை உரித்தேன். (உரிக்க மறந்திருப்பேன் என்று உங்கள் பிரதிநிதி இரண்டு முறை கேட்டார், அதனால் சொல்கிறேன்.) பட்டாணியளவு பேஸ்ட் வைத்து, கூலரைப் பிடித்து அழுத்தும் குறுக்குப் பட்டையின் இரண்டு ஸ்க்ரூக்களையும் மாறி மாறி, ஒவ்வொன்றாக இரண்டு சுற்று என்று, அதற்கு மேல் திரும்பாத வரை இறுக்கினேன். ஃபேன் வயரை மதர்போர்டில் அதற்குரிய நான்கு பின் இணைப்பில் செருகினேன். கம்ப்யூட்டரைத் திறந்து பாகம் மாற்றுவது எனக்கு இது முதல்முறை அல்ல.

கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையிலேயே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டி நின்றது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே அவ்வளவு. சரி, பேஸ்ட் பரவ நேரம் எடுக்கலாம் என்று நினைத்து, ஒரு அத்தியாயத்தின் பதிவை இரைச்சல் நீக்கி ஏற்றுமதி செய்யக் கொடுத்தேன். சில நொடிகளில் 100 டிகிரி. அந்த ப்ராசஸரின் எல்லை அதுதான். அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கியது. ஆறு கோர்களும் சேர்ந்து 4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தள்ளாடியது. வெப்பத்தைக் கூலரின் தகடுகளுக்குக் கொண்டுபோகும் ஹீட் பைப்புகளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகக்கூட இல்லை. உள்ளே ப்ராசஸர் கொதிக்கிறது, மேலே கூலர் குளிர்ந்திருக்கிறது. வெப்பம் மேலே ஏறவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கழற்றிப் பார்த்தபோது பேஸ்ட் மெல்லிய படலமாகப் பரவவே இல்லை. நான் வைத்த உருண்டை நடுவில் தடித்த பொட்டுபோல் மட்டும் அமுங்கியிருந்தது. சுற்றிலும் ப்ராசஸர் மூடி துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. குறைவாக வைத்துவிட்டேனோ என்று மறுபடி துடைத்து, கூடுதலாக வைத்தேன். அதே கதை. மூன்றாம் முறைக்கு உங்கள் ட்யூபில் பேஸ்ட் இல்லை, தனியாக வாங்கி வைத்தேன். அப்புறம்தான் பேஸ்ட்டை விட்டுவிட்டு உலோகத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

பேஸ்ட் எதுவும் இல்லாமல், இரண்டு பரப்பையும் சுத்தமாகத் துடைத்துக் கூலரை வைத்து, ஸ்க்ரூக்களைக் கடைசி வரை இறுக்கினேன். சாதாரண ஏ4 தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, கூலரின் அடிப்பரப்புக்கும் ப்ராசஸருக்கும் நடுவே நுழைத்தேன். எந்தத் தடையும் இல்லாமல் ஒரு பக்கம் போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. இரண்டாக மடித்து நுழைத்தேன், அதுவும் போனது. நான்காக மடித்தபோதுதான் லேசாகப் பிடித்தது. ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன். அப்படியானால் நடுவே கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் வெறும் காற்று! செம்பு வெப்பத்தைக் கடத்துவதோடு ஒப்பிட்டால் காற்று அதில் சுமார் 15,000இல் ஒரு பங்குதான் கடத்தும். பேஸ்ட் என்பது இரண்டு உலோகப் பரப்புகளின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்பத்தான். இந்த அளவு பள்ளத்தைத் தூர்க்க அல்ல.

காரணத்தைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. 2009இல் வந்த எல்ஜிஏ 1156 முதல் 1155, 1150, 1151 என்று 2020இல் வந்த 1200 வரை, கூலர் மாட்டும் நான்கு துளைகளும் 75 மில்லிமீட்டர் சதுரத்தில்தான் இருந்தன. பன்னிரண்டு வருடம் ஒரே அளவு. 2021 நவம்பரில் எல்ஜிஏ 1700 வந்தபோது மூன்று விஷயங்கள் மாறின. துளைகளின் சதுரம் 78 மில்லிமீட்டர் ஆனது. 37.5 மில்லிமீட்டர் சதுரமாக இருந்த ப்ராசஸர், 37.5க்கு 45 என்று நீண்டது. அதோடு, மதர்போர்டிலிருந்து ப்ராசஸரின் மேல்மூடி வரையிலான உயரமும் குறைந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனால் கூலர் அழுத்துவதா தொங்குவதா என்பதை முடிவு செய்வது அந்த வித்தியாசம்தான்.

நீங்கள் அகலத்தை மாற்றினீர்கள், உயரத்தை மாற்றவில்லை. பேக்பிளேட்டில் துளையை நீளமாக வெட்டி 75க்கும் 78க்கும் பொதுவாக்கியிருக்கிறீர்கள். அதனால் புதிய மதர்போர்டில் கச்சிதமாக உட்கார்ந்து, சரியாகப் பொருந்திவிட்டது என்ற நம்பிக்கையைக் கொடுக்கிறது. ஸ்டாண்ட்ஆஃப்கள் மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. குறுக்குப் பட்டை அவற்றின் தலையில் போய் நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

எனக்கு வந்த பெட்டியில் மட்டும் பாகம் மாறிவிட்டதோ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. உங்கள் படத்தாளில் எல்ஜிஏ 1200க்கான படமும் எல்ஜிஏ 1700க்கான படமும் ஒரே 'பி' பொட்டலத்தைத்தான் காட்டுகின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் "எல்ஜிஏ 1700" என்பது அச்சில் இல்லை, வட்டமான ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் ஓரம் உரிந்திருந்ததால் மெல்ல எடுத்துப் பார்த்தேன். அடியில் 1200இல் முடியும் பழைய சாக்கெட் பட்டியல் இருக்கிறது. ஆக, புதிய ப்ராசஸர் வந்தபோது பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர் கிடைத்தது, உள்ளே இருக்கும் நான்கு துண்டு உலோகத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதை யாரும் ஒரு புதிய மதர்போர்டில் மாட்டிச் சோதித்திருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் படங்களோடு உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். மொத்தம் பதினொரு படங்கள், தாள் நுழைந்திருக்கும் படமும் அதில் உண்டு. பேஸ்ட்டைச் சரியாகத் தடவும்படி பதில் வந்தது. மறுபடி எழுதினேன். "ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள்" என்றார்கள். தயவுசெய்து இந்த ஆலோசனையை யாருக்கும் தராதீர்கள். திருகு முடிந்த இடத்துக்கு மேல் பலம் கொடுத்தால் கூலர் கீழே இறங்காது. மரை தேயும், இல்லாவிட்டால் மதர்போர்டு வளையும். அதன் பிறகு உங்கள் உத்தரவாத அட்டையில் "தவறாகப் பொருத்தியதால் ஏற்பட்ட சேதம்" என்ற வரி என் தலையில்தான் வந்து விழும்.

தொலைபேசியில் பேசியபோது நடந்ததுதான் இன்னும் வருத்தம். 75, 78 என்று நான் அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடைமறித்து, "வீட்டில் இதெல்லாம் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள் மேடம்" என்றார் உங்கள் ஊழியர். தெரிந்தவளிடம்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் சின்னப் பையன் மாதிரி இருந்தது, அவர் வேலைக்கு ஆபத்து வர வேண்டும் என்பது என் எண்ணமில்லை. அவர் கையில் கொடுத்திருக்கும் கேள்விப் பட்டியலில் "கூலரின் குறையாக இருக்குமோ" என்று ஒரு கேள்விகூட இல்லை போலிருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவர்களிடம்தான் என் கோபம்.

கூலர் மோசமான பொருள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிப்பரப்பு கண்ணாடிபோல் இழைத்திருக்கிறது. தகடுகளின் ஓரம் கையைக் கிழிக்கவில்லை. ஃபேனைத் தனியாக ஓடவிட்டு மைக்கில் பதிந்து பார்த்தேன், அறையின் இயல்பான அமைதிக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் கடைசி நான்கு துண்டுகளில் கோட்டைவிட்டது மனதை உறுத்துகிறது.

இப்போது பழைய கூலரையே மாட்டி வைத்திருக்கிறேன். மூன்று அத்தியாயங்கள் தாமதமாகிவிட்டன, தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் அவற்றுக்காகக் காத்திருக்கிறார்கள். என் கோரிக்கை இதுதான். எல்ஜிஏ 1700க்குச் சரியான உயரமுள்ள நான்கு ஸ்டாண்ட்ஆஃப்களையும், இந்தச் சோதனைகளில் தீர்ந்துபோன பேஸ்ட்டுக்கு ஈடாக ஒரு ட்யூபையும் இந்தக் கடிதம் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் அனுப்புங்கள். அப்படி ஒரு பாகம் உங்களிடம் இல்லையென்றால், அதை மழுப்பாமல் சொல்லி, கூலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள்.

அதைவிட முக்கியமானது, ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் இன்னும் கடைகளில் இருக்கின்றன. அவற்றை நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு உங்கள் இணையதளத்தில் தெளிவாக ஓர் அறிவிப்பு போட்டு, சரியான ஸ்டாண்ட்ஆஃப்களைக் கேட்பவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்புங்கள். எல்லோரும் வெப்ப அளவைப் பார்க்கமாட்டார்கள். கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, அதனால்தான் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு, பாதி வேகத்தில் வருடக்கணக்கில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். படத்தாளிலும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள். எந்த சாக்கெட்டுக்கு எந்த உயரம் என்று அச்சிட்டிருந்தால் நான் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன்.

படங்களையும் வாங்கிய ரசீதின் நகலையும் இணைத்திருக்கிறேன். அந்தத் தாள் துண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்டாண்ட்ஆஃப்கள் வந்ததும், பேஸ்ட் வைப்பதற்கு முன் அதை மறுபடி நுழைத்துப் பார்த்து, போகிறதா நிற்கிறதா என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்