அந்த 11-ஆம் பக்கத்தை நீக்கிவிடுங்கள்

என் மகளின் பள்ளியில் மரபணுப் பரிசோதனை முகாம் நடத்திய நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். முகாமில் உமிழ்நீர் கொடுத்த மாணவர்களுக்கு நீங்கள் அனுப்பிய அறிக்கையின் 11-ஆம் பக்கத்தைப் பற்றியது இம்மடல். பால் செரிமானம், வைட்டமின் போன்ற மற்றப் பக்கங்களோடு எனக்கு வழக்கில்லை. 'மன இயல்பு' என்று தலைப்பிட்டு, செரடோனின் என்னும் மூளை வேதிப்பொருளின் கடத்தி மரபணுவில், தாயிடமும் தந்தையிடமும் இருந்து வந்த பிரதிகள் இரண்டும் குட்டை வடிவம் என்று குறித்து, அதற்கு எதிரே 'தன்னைத் தாழ்வாக எண்ணும் போக்கு: மிகுதி' என்று சிவப்புக் கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கிறீர்களே, அந்தப் பக்கத்தை நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் 12-ஆம் வகுப்பில் படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்த அன்று, வழக்கம்போல் அழுது தீர்த்துவிட்டு மறுநாள் வினாத்தாளோடு உட்காருவாள் என்றிருந்தேன். அவள் அழவே இல்லை. "நான் இப்படித்தான்மா, ரிப்போர்ட்லயே போட்டிருக்கு" என்றாள். அந்தப் பக்கத்தை நான்காக மடித்துக் கணக்கு நோட்டின் அட்டைக்குள் செருகி வைத்திருக்கிறாள். மடிப்பில் எழுத்துகள் உதிரத் தொடங்கிவிட்டன, சிவப்புக் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள். இதற்கு ஆய்வே இல்லை என்று வாதாட வரவில்லை. சீனாவில் இளைஞர்களை மூளைப் படக் கருவிக்குள் படுக்க வைத்து, தம் குறைகளைத் தாமே எண்ணிப் பார்க்கச் செய்தபோது, குட்டை வடிவம் இரண்டும் உள்ளவர்களுக்கு உணர்ச்சியோடு தொடர்புடைய இன்சுலா உள்ளிட்ட மூளைப் பகுதிகளில் எழுச்சி கூடுதலாக இருந்ததென ஓர் ஆய்வு வந்ததுண்டு. அது இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு. ஒரு பிள்ளையின் ஜாதகம் அன்று. 1996-இல் இந்த மரபணுவைப் பதற்ற இயல்போடு முதலில் இணைத்தவர்களே, மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் 3 முதல் 4 சதவீதத்துக்குத்தான் இது காரணம் என்றார்கள். வாழ்க்கையின் அடிகளோடு குட்டை வடிவமும் சேர்ந்தால் மனச்சோர்வு வரும் என்று 2003-இல் நியூசிலாந்திலிருந்து வந்த முடிவும், 2009-இல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நிற்கவில்லை. 2019-இல் இதையும் சேர்த்து 18 மரபணுக்களை மிகப் பெரிய தரவுத் தொகுப்புகளில் தேடியவர்களுக்கும் மனச்சோர்வோடு தொடர்பு இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கிழக்காசியாவில் பெரும்பான்மையோரிடம் இருப்பது இதே குட்டை வடிவம்தான். ஜப்பான் முழுவதற்கும் சிவப்புக் கட்டம் போடுவதாக உத்தேசமா?

செவ்வாய் தோஷம் என்று சொல்லிப் பரிகாரத்துக்குத் தட்சிணை கேட்பதற்கும், சிவப்புக் கட்டம் போட்டு அதன் அடியிலேயே 'ஆலோசனைத் தொகுப்பு, தனிக் கட்டணம்' என்று குறிப்பதற்கும் என்ன வேறுபாடு என்று என் மாணவர்கள் கேட்டால், நான் கரும்பலகையில் எதை வரைந்து விளக்குவது? சோதிடராவது ஆளை எதிரே உட்கார வைத்துச் சொல்கிறார்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான்: இனி அச்சிடும் அறிக்கைகளில் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. ஏற்கெனவே அதைப் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும், அக்குறிப்பைத் திரும்பப் பெறுவதாகத் தமிழில், கையொப்பமிட்டு, அவரவர் பெயருக்கே ஒரு கடிதம் அனுப்புங்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு. அதற்கு முன்னரே வந்து சேரும்படி செய்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்