எங்கள் முதல் ஆல்பத்துக்கு ஒரு மண்டபம்: கோலாலம்பூர் நிர்வாகக் குழுக்களுக்குத் திறந்த மடல்

தமிழர் மண்டபங்களை நடத்திவரும் மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

நான் செந்தூலில் வளர்ந்தவன். ஒரு ஹெவி மெட்டல் (கனத்த கிட்டார் ஒலியுள்ள ராக் இசை) குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். ஒன்பது வருடமாக ஒரு மாதிரிப் பதிவு, சில பாட்டு மட்டும் கொண்ட ஒரு சிறு தொகுப்பு என்று சிறுகச் சிறுக வெளியிட்டுவந்த நாங்கள் இப்போதுதான் முதல் முழுநீள ஆல்பத்தை முடித்திருக்கிறோம். எட்டுப் பாட்டு, 46 நிமிடம், முழுக்கத் தமிழ். அதை நம் மக்கள் முன்னால், நம் மண்டபம் ஒன்றில் வெளியிட வேண்டும் என்று ஆசை. நான்கு இடங்களில் கேட்டுப் பார்த்தோம். நான்கிலும் இல்லை என்றுவிட்டார்கள். ஓரிடத்தில் முன்பணம் வாங்கி ரசீதும் கொடுத்தார்கள். மறுநாள் போஸ்டரில் மண்டையோட்டைப் பார்த்ததும் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த மண்டபம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்த ஐயா மரியாதையாகத்தான் பேசினார்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2005 டிசம்பர் 31 இரவு, பழைய கிள்ளான் சாலையில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சிக்குள் போலீஸ் நுழைந்து ஏறக்குறைய 380 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த வருடமே, இஸ்லாமிய மதத் தீர்ப்பு சொல்லும் தேசிய ஃபத்வா மன்றம், மெட்டலில் ஒரு வகையான பிளாக் மெட்டல் முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்தது. 2013இல் லேம் ஆஃப் காட் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் கோலாலம்பூர் நிகழ்ச்சி ரத்தானது. மெட்டல் என்றாலே சாத்தான் என்று பத்திரிகையில் படித்துப் பழகிய பெரியவர்கள் தயங்குவது இயல்புதான். ஒரு மண்டபத்துக்குக் கெட்ட பெயர் வந்தால் அப்புறம் கல்யாணத்துக்குக்கூட யாரும் எடுக்கமாட்டார்கள். கரண்ட் பில்லும் கூரை ரிப்பேரும் உங்கள் தலையில்தான் விழும்.

ஆனால் பாட்டு எதைப் பற்றி என்று நான்கு இடத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஆல்பம் முழுவதும் சயாம் மரண ரயிலைப் பற்றியது, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையைப் பற்றியது. என் பாட்டியின் அப்பா கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 1943இல் ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாட்டிக்கு அப்போது ஐந்து வயது. கொள்ளுத்தாத்தா சாப்பிடும் மங்குத் தட்டைப் பாட்டியின் அம்மா பல வருடம் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பாராம். அவர் திரும்பி வரவில்லை. எங்கே செத்தார், காலராவிலா பட்டினியிலா, யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு கதை இல்லாத பழைய தோட்டக் குடும்பம் உங்கள் உறுப்பினர் பட்டியலில் எத்தனை இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். தாய்லாந்தில் இருக்கும் காஞ்சனபுரி போர்க் கல்லறைக்கு நானும் எங்கள் கிட்டார் தம்பியும் போயிருந்தோம். ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள், வெட்டிவிட்ட புல். நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயரோடு ஒரு கல்கூடக் கிடையாது. அன்று ராத்திரி தங்குமிடத்தில் தம்பி எழுதிய நான்கு வரியில்தான் இந்த ஆல்பம் தொடங்கியது. போஸ்டரில் இருக்கும் மண்டையோடுகள் சாத்தானுடையவை இல்லை ஐயா, தண்டவாளக் கட்டைகளுக்கு அடியில் கிடப்பவர்களுடையவை. முண்டமாலை போட்ட காளியம்மாவின் முன்னால் சூடம் காட்டி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

இதை மெல்லிசையாகப் பாட வேண்டியதுதானே என்று என் அப்பாவே கேட்டார். முயன்று பார்த்தோம், ஒட்டவில்லை. கிட்டாரின் தடித்த கம்பி வழக்கமாக 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதைத் தளர்த்தி 65க்கு இறக்கியபோதுதான் மழைக்காட்டுச் சேறு மாதிரி ஒரு கனம் வந்தது. சரக்கு ரயில் ஓட்டத்தை டபுள் பெடலில் இரண்டு காலாலும் அடிக்கிறேன். பாடுகிறவர் தொண்டையில் எழுப்பும் சத்தத்தைக் கேட்டுத்தான் பலர் மிரளுகிறார்கள். அதற்குத் தமிழில் உறுமல் என்று பெயர். அந்தச் சத்தம் நமக்குப் புதிதா? பன்னிரண்டு வயதில் பத்துமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளக் குழுவோடு நடந்தவன் நான். வளைந்த குச்சி தோலில் உரசும்போது வரும் அந்த முனகலைக் கேட்டு, காவடி எடுத்தவர்களோடு சேர்ந்து சுற்றி நின்றவர்களுக்கும் அருள் வந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கடைசிப் பாட்டு 11 நிமிடம். முதல் இரண்டு நிமிடம் உறுமி மட்டும்தான்.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்மிங்ஹாமில் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன், தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதாம். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். பிற்பாடு கம்பிகளையும் தளர்த்திக் கட்டினார். அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13இல் வந்தது. ஆலைத் தொழிலாளியின் காயத்திலிருந்து வந்த இசை இது. எங்கள் பேஸ் கிட்டார்காரர் ஷா ஆலாமில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக எங்கள் ஒத்திகைக்கு வருகிறவர். அவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். ருத்ரா குழு 1992இல் தொடங்கியது. முதல் ஆல்பம் 1998இல் வந்தது. வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகங்களையும் டெத் மெட்டல் என்ற உறுமல் வகை மெட்டலோடு சேர்த்தவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்டுத்தான், நம் வீட்டு விஷயத்தையும் இந்த இசையில் சொல்லலாம் என்ற தைரியம் எங்களுக்கு வந்தது.

சரி, நாங்கள் கேட்பது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை உங்கள் மண்டபம் வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கும் அதே வாடகையைக் கொடுக்கிறோம். மது கிடையாது. போலீசுக்கும் மாநகராட்சிக்கும் எழுத வேண்டியதை நாங்களே எழுதி, அனுமதிக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்த பிறகுதான் டிக்கெட் விற்போம். சத்தம் அதிகம் என்று உங்கள் ஆள் சொன்னால் அந்த நிமிடமே குறைப்போம். 200 நாற்காலி போதும். முன்வரிசையில் இருபதை, மரண ரயிலுக்கு ஆள் கொடுத்த குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஒதுக்குகிறோம். காதில் வைக்கப் பஞ்சும் தருகிறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் வரிகளைத் தம்பி நிதானமாக வாசிப்பார்.

எட்டுப் பாட்டின் வரிகளையும் அச்சடித்து, சிடியோடு சேர்த்து, ஒவ்வொரு நிர்வாகக் குழுவுக்கும் இந்த வாரமே கொண்டுவந்து கொடுக்கிறேன். அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

பாட்டிக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. முட்டி வலி, மாடி ஏற முடியாது. அதனால் தரைத்தள மண்டபமாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு ட்ரம்ஸ்காரன்