வாசிகசாலை வைஃபை: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம். கோயில் திருப்பணி மாதிரிப் பெரிய எடுப்பில் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் காசு தந்தவர்கள் வழியில் கண்டால் மறித்துக் கேட்கிறபடியால் எழுதுகிறோம். வேலை முடிந்துவிட்டது. வரவு செலவு பற்றுச்சீட்டுகளோடு அறிவித்தல் பலகையில் இருக்கிறது. பலகையில் ஒட்ட முடியாத சங்கதிதான் இது.

முதல் பிழை எங்களுடையது. களவு போய்விடும் என்று பயந்து 4ஜி ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். மேலே தகரம், சுற்றிவர இரும்பு, அலை எப்படி உள்ளே வரும்? சிக்னல் -115 காட்டியது (கழித்தல் கணக்கு இது, சுழியத்துக்குக் கிட்ட வர வர நல்லது). டவர் இருக்கிற பக்கத்து யன்னலில் வைத்ததும் -104. பிறகு கம்பம் நட்டு அன்ரெனா பூட்டி, ஒருவர் ஏணியில் நின்று திருப்ப, கீழே நின்றவர் "இன்னும் கொஞ்சம் பரந்தன் பக்கம், போதும், போதும், விடு" என்று கத்த, -93 இல் வந்து நின்றது. அன்ரெனா வயர் நீள நீள சிக்னல் தேயும் என்பதால் கம்பத்துக்கு நேர் கீழே தட்டு அடித்து அதில் வைத்திருக்கிறோம்.

சரி, முடிந்தது என்று இருந்தோம். முன்பள்ளிக்கும் எடுக்கலாமே என்று, ஒரு அங்கத்தவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கேபிள் இழுத்துப் பூட்டினோம், அன்றைக்குப் பிடித்தது சனி. சிலருடைய போனில் ஓடும், சிலருடையதில் வைஃபை நிறையக் காட்டும் ஆனால் ஒரு பக்கமும் திறக்காது, நிப்பாட்டிப் போட்டால் ஓடின போன் நிற்கும், நின்றது ஓடும். சேவை நிலையத்துக்கு அழைத்தோம், சிம்மில் பிழை என்றார்கள், புது சிம் போட்டோம், அதுவும் அப்படியே. சிம் காசு வீண்தான், அதையும் கணக்கில் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

கடைசியில் ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒன்றுதான் கண்டுபிடித்தது. இரண்டு ரவுட்டருக்கும் முகவரி 192.168.1.1. இரண்டுமே வருகிற போன்களுக்கு இலக்கம் (போன் நம்பர் இல்லை, வைஃபைக்குள் பாவிக்கிற முகவரி) கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு ஊருக்கு இரண்டு விதானையார் இருந்த மாதிரி. பழையதிடம் இலக்கம் வாங்கின போன் இணையத்துக்கும் அதனிடமே போய் நிற்கும், அதற்குப் பின்னால் சிம்மும் இல்லை ஒன்றும் இல்லை. பழையதில் இந்த இலக்கம் கொடுக்கிற வேலையை, டிஎச்சிபி என்பதை, நிப்பாட்டி, முகவரியை 192.168.1.2 ஆக மாற்றினோம். ஐந்து நிமிட வேலை. மூன்று நாள் நாங்கள் டவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வளவில் தண்ணி மோட்டர் போடும்போது ரவுட்டர் நின்று எழும்புகிறது என்ற முறைப்பாடு சரியானது, வோல்டேஜ் இறங்குகிறது. சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கிப் பூட்டியாயிற்று. பெயரின் கடைசியில் 5 என்று வருகிற வைஃபை மண்டபத்துக்குள் வேகமாக இருக்கும், சுவர் தாண்டினால் படுத்துவிடும். வெளியே வேம்படியில் இருப்பவர்கள் மற்றதைப் பிடியுங்கள்.

அப்புறம் ஒரு கெஞ்சல். ஓடவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் விட்டுப் போடுங்கள், போதும். பின்னாலிருக்கிற சின்ன ஓட்டையில் ஊசி விட்டு அமத்த வேண்டாம், போன கிழமை யாரோ அமத்தி பாஸ்வேர்ட் முதல் எல்லாம் அழிந்து திரும்பவும் முதலிலிருந்து செய்தோம். பெரிய படங்கள் இறக்குவதென்றால் இரவு டேற்றாவில் இறக்குங்கள், பகல் டேற்றா பிள்ளைகளுக்கு. இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்ற வேண்டும், திறப்பு பொருளாளர் வீட்டில்.

கம்பத்துக்கு மட்டும் இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. மாரிக்கு முதல் அடிக்காவிட்டால் கறள் பிடிக்கும். பெயின்றும் தூரிகையும் மண்டபத்துக்குள் இருக்கிறது, ஏணியில் ஏறத்தான் ஆள் வேண்டும்.