பெண்கள் போகாத தியேட்டர்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்தில் தியேட்டர்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது, வீட்டிலிருந்தே இணையத்தில் படம் பார்க்கும் ஓடிடி வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்ற பொருளில் தங்கள் வாரமலரில் அண்மையில் வந்த கட்டுரையை வாசித்தேன். கட்டுரையாளர் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாதி அவர் கண்ணில் படவேயில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்குள் திரை வருவது எங்களுக்குப் புதிதல்ல. எண்பதுகளில் ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படம் பார்த்த சனம் நாங்கள். வீடியோவில் படம் காட்டும் மினி சினிமாக்களும் முளைத்தன. அப்போதும் “இனித் தியேட்டர் சரி” என்று சொன்னவர்கள் உண்டு. வின்சர், வெலிங்டன், ரீகல், மனோகரா, ராஜா, ராணி, சாந்தி, ஸ்ரீதர், லிடோ, வித்தியா என்று எங்கள் தலைமுறை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பெயர்கள் இருக்கின்றனவே, அவற்றை டெக் அசைக்கவில்லை. போரில் விழுந்த ஷெல்தான் அசைத்தது. கோட்டையடி ரீகல் சிதைந்து கிடந்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் பலர் கண்டிருப்பார்கள். 1990க்குப் பிறகு வருடக்கணக்காக மின்சாரமே இல்லை. 1995 ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்து நடந்தது. ஸ்ரீதர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் படம் ஞாபகத்துக்கு வராது, அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரு கட்சியின் அலுவலகந்தான் வரும். ஆக, இங்கே தியேட்டர் மூடிய கதையைச் சென்னையிலோ அமெரிக்காவிலோ தியேட்டர் மூடிய கதையோடு சேர்த்துக் கட்ட முடியாது.

சரி, கட்டுரையாளரின் நியாயமான பாதிக்கு வருகிறேன். கொரோனாவால் மாதக்கணக்காக வெறிச்சோடிக் கிடந்த தியேட்டர்களுக்குச் சனத்தைத் திரும்பக் கூட்டிவந்த படம் ‘மாஸ்டர்’. 2021 ஜனவரி 13இல் வெளியான அந்தப் படம் அதே மாதம் 29ஆம் திகதி அமேசன் பிரைமில் வந்துவிட்டது. இடையில் பதினாறு நாள்! இப்போது தமிழ்ப் படங்கள் தியேட்டருக்கு வந்து ஓடிடிக்குப் போகப் பெரும்பாலும் நான்கு வாரம் என்று ஒரு வழமை இருக்கிறது. ஹிந்திப் படங்களுக்கு இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ்காரர்கள் எட்டு வாரம் கேட்டு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டுத் தியேட்டர்காரர்களும் அதே எட்டு வாரத்தைக் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும், வாரம் பிந்தப் பிந்தத்தான் தியேட்டரின் பங்கு கூடும் என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. அந்தப் பிந்திய வாரங்களைத்தான் ஓடிடி தட்டிப் பறிக்கிறது. பேரம் நடப்பதெல்லாம் சென்னையிலும் மும்பாயிலும். யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியில் தியேட்டர் நடத்துகிறவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் சொந்தக் காசு கட்டி ஓடிடி பார்க்கிறார்கள்? நெட்பிளிக்ஸ் 2016இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் அதைப் பார்க்கிறவர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற பிள்ளையின் கணக்கில்தான் பார்க்கிறார்கள். ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டும் என்று 2023இல் அந்தக் கொம்பனி இறுக்கியபோது இங்கே எழுந்த புலம்பலைக் கேட்டிருந்தால் கட்டுரையாளருக்கு நல்ல தலைப்பு ஒன்று கிடைத்திருக்கும். மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது ரெலிகிராம் களவுப் பிரதி. தியேட்டருக்குள் போனில் எடுத்த படம். முன்சீட்டுக்காரரின் தலையும் சேர்ந்து நடிக்கும்.

அப்படியென்றால் தியேட்டர் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது? முதல் நாளில் போய்ப் பாருங்கள், வெறிச்சோடிக் கிடக்காது. கட்டவுட், மாலை, பால், வெடி எல்லாம் உண்டு. விடியற்காலைக் காட்சிக்கே பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, முதல் நாள் அவர்களுடைய நாள். எட்டாம் நாள் யாருடையது? அன்றைக்கு வரவேண்டியவர்கள் குடும்பங்கள். குடும்பம் வருவதா இல்லையா என்று முடிவெடுப்பவர்கள் பெண்கள். அந்தப் பெண்களை யாழ்ப்பாணத்துத் தியேட்டர்கள் ஓடிடி வருவதற்கு எவ்வளவோ முன்னரே இழந்துவிட்டன.

என் அம்மாவின் காலத்தில் ஏ-40 கார் ஒன்றைப் பிடித்து, பெரியம்மா, சித்தி, அயலட்டை என்று ஒருவர் மடியில் ஒருவராக ஏறி மற்றினிப் பகல் காட்சிக்குப் போவார்கள். படம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். இரண்டரை, மூன்று மணித்தியாலம் யாரும் தேத்தண்ணி கேட்க முடியாத ஓர் இடம் அது. வீட்டில் படம் பார்ப்பதன் சுகத்தைப் பற்றி ஆண்கள் எழுதுவதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் படம் ஓடும்போது பெண் எழும்பாத காட்சி எது? சோறு பொங்கும். வாசலில் மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். மாமிக்குக் குளிசை கொடுக்கும் நேரம் வரும். “நிப்பாட்டி வைக்கிறன் அம்மா, நீங்கள் வந்து பாருங்கோ” என்பான் மகன். வந்து பார்த்தால் அவன் படத்தை முடித்துவிட்டுக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த நாட்டில் ஓடிடியில் முழுப்படம் பார்த்த குடும்பத் தலைவி யாராவது இருந்தால் தங்கள் பத்திரிகை அவரைப் பேட்டி காணலாம்.

எனவே தியேட்டர் விற்க வேண்டிய பொருள் பெரிய திரையும் காதைப் பிளக்கும் சத்தமும் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். (சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் புண்ணியம்.) இடையூறில்லாத இரண்டரை மணித்தியாலத்தை விற்கலாம். அதை வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குத் தடையாக இருப்பவை என்ன என்று பார்த்தால் ஒன்றுக்கும் நெட்பிளிக்ஸ் பொறுப்பில்லை.

நான் அண்மையில் போன ஒரு தியேட்டரில், பெயர் வேண்டாம், பெண்களுக்கான கழிப்பறைக் கதவுக்குக் கொழுக்கி இல்லை. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே காவல் நிற்க வேண்டியிருந்தது. ரிக்கற்றின் விலையை ஏற்றும்போது கொழுக்கி ஒன்றையும் வாங்கிப் போட்டிருக்கலாம். மோட்டார் சைக்கிள் விடும் இடத்தில் வெளிச்சம் கிடையாது. பின் வரிசையில் இடைவேளைக்குப் பிறகு எழும் பியர் மணத்தைப் பற்றி நான் எழுதி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இவற்றைவிடப் பெரிய தடை பஸ். மாலை ஆறரைக் காட்சி முடிந்து வெளியே வர ஒன்பதைத் தாண்டிவிடும். அந்நேரத்தில் பருத்தித்துறைக்கோ காரைநகருக்கோ போக வேண்டிய ஒரு பெண் எந்த பஸ்ஸை நம்பி ரிக்கற் எடுப்பாள்? ஓட்டோ பிடித்தால் ரிக்கற் காசைப்போல் எத்தனையோ மடங்கு. நெடுந்தீவு, நயினாதீவுச் சனத்தின் பாடு இன்னும் மோசம். அவர்கள் முதலில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கப்பால் படகு. கொழும்பில் இரவு பத்தரைக் காட்சி நிறைகிறது என்பதற்காக இங்கேயும் அதே நேரத்தை வைத்தால் நிறையாது. இங்கே இருட்டினால் ஊர் அடங்கிவிடும். நேரத்தை ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பார்க்கலாமே. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரக்கூடிய பத்தரை மணிக் காட்சி, சனி ஞாயிறில் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் விடும் காட்சி, வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும் ஒரு காட்சி. தியேட்டர்கார ஐயாமார் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். புதன்கிழமை பகலில் வெறும் கதிரைகளுக்குப் படம் காட்டுவதைவிட இது நட்டமான யோசனையா?

2013இல் திறந்த கார்கில்ஸ் சதுக்கம் என்ற கடைத்தொகுதியோடு பல திரைகள் கொண்ட சினிமாவும் ஊருக்கு வந்துவிட்டது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. குளிரூட்டி, லிஃப்ட், துப்புரவு எல்லாம் ஊருக்கு ஒரு நல்ல பழக்கம். ஆனால் மூன்று பிள்ளைகளோடு போய்ப் பொப்கோர்னும் வாங்கிக் கொடுத்து வருகிற செலவு எல்லாக் குடும்பத்துக்கும் கட்டாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இங்கத்தைய பிள்ளைகள் தங்கள் காசையும் நண்பர்களின் காசையும் போட்டு முழுநீளப் படம் எடுக்கிறார்கள். பெரிய ஓடிடி கொம்பனிகள் அவர்களைத் தேடி வருவதில்லை. சனம் காசு கொடுத்து அந்தப் படங்களைப் பார்க்கத் தியேட்டரை விட்டால் இடமில்லை. 2015 முதல் நடந்துவருகிற யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவில் பகல் காட்சிகளுக்கு மாணவிகள் வந்து அமைதியாக இருந்து பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். அவர்கள் வேறு நாட்களில் ஏன் தியேட்டருக்கு வருவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். “வீட்டில விடமாட்டினம் ரீச்சர்” என்றார்கள். பெற்றோர் பயப்படுவது படத்துக்கு அல்ல, வாசலில் நிற்கும் கூட்டத்துக்கும் திரும்பிவரும் நேரத்துக்கும்.

தியேட்டர் தப்பிப் பிழைக்குமா என்று ஆரூடம் சொல்ல நான் வரவில்லை. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது தியேட்டரும் படுத்தது, வீட்டு நெட்பிளிக்ஸும் படுத்தது. இந்த நாட்டில் எதற்கும் ஆரூடம் சொல்வது கஷ்டம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். ‘ஈழநாடு’ பத்திரிகைக் காலத்தில் எந்தப் படமாளிகையில் என்ன படம், எத்தனை மணிக்கு என்பதைப் பேப்பரைத் திருப்பியவுடன் பார்த்துவிடுவோம். இப்போது அந்த விவரம் முகநூலில் எங்கேயோ கிடக்கிறது. என் வயதுப் பெண்களில் பலர் அங்கே போவதில்லை. மரண அறிவித்தலுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கும் தங்கள் பத்திரிகை, வெள்ளிக்கிழமைகளில் ஒரு மூலையில் குடாநாட்டுத் தியேட்டர்களின் காட்சி நேரங்களைப் போட முடியாதா? பக்கத்தில் பருத்தித்துறை, காரைநகர், சாவகச்சேரி, வேலணைக்கான கடைசி பஸ் நேரங்களையும் சேர்த்துப் போட்டால் மெத்தப் பெரிய உதவி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.