எலிக்குச் சரி, என் கணவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், செல் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்த நெல்லிச் சாறு குடித்துவந்தால் கீமோ மருந்து சிறுநீரகத்தைத் 'தொடவே தொடாது' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் சாறு பாட்டில்கள் வந்து இறங்கிவிட்டன. நாத்தனார் ஒன்று, எதிர்வீட்டு அக்கா ஒன்று. என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

அது பிளாட்டினம் உள்ள மருந்து, 1978-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, புற்றை அடிக்கிற கையோடு சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அடிக்கும் என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. ஆய்வுக்கூடத்தில் எலிக்கு இந்த மருந்தைப் போட்டு, வைட்டமின் ஈ, மஞ்சளில் உள்ள குர்குமின் போன்ற ஆன்டிஆக்சிடன்ட்களைக் கொடுத்தால் சேதம் குறைகிறது என்பது உண்மைதான். மனிதர்களிடம் அது இன்னும் உறுதிப்படவில்லை. சிறுநீரகச் செல்லைக் காப்பாற்றுகிற பொருள் புற்றுச் செல்லையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டால் என்ன செய்வது என்று எங்கள் டாக்டர் கேட்டார். உங்கள் கட்டுரையாளருக்கு அந்தக் கவலை இல்லை. பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்களே, 1994-ல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் நுரையீரல் புற்று கூடுதலாக இருந்தது. போதாக்குறைக்கு, நெல்லியில் உள்ள வைட்டமின் சி அளவு மீறினால் உடம்பில் ஆக்சலேட் என்ற உப்பாக மாறி, சிறுநீரகத்திலேயே போய்ப் படியும். நான் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பத்தாம் வகுப்புப் பிள்ளை 'தொடவே தொடாது' என்று எழுதியிருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டேன்.

சிறுநீரகத்தைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றுகிறார்கள். சிஸ்பிளாட்டின் உடம்பிலுள்ள மக்னீசியத்தைச் சிறுநீரில் இழுத்துக்கொண்டு போய்விடுமாம், அதனால் டிரிப்ஸிலேயே அதையும் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்து, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்த பிறகுதான் அடுத்த கீமோ. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது, வாந்தி நிற்காவிட்டால் உடனே வந்துவிட வேண்டும் என்று நர்ஸம்மா தலையில் அடிக்காத குறையாகச் சொல்லி அனுப்புகிறார். என் கணவர் எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார் என்று நோட்டில் குறிப்பது என் வேலை. இதெல்லாம் இணைப்பிதழில் வண்ணப் படத்தோடு போட அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்துப் படுக்கைக்காரர் யாரோ கொடுத்த லேகியத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிரியேட்டினின் ஏறியது, கீமோ தள்ளிப்போனது. மருந்தால் ஏறியதா லேகியத்தாலா என்று டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் முகத்தை உங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும்.

கட்டுரைக்கு நேர் கீழே மூலிகை டானிக் விளம்பரம். தற்செயல்தான் என்று நம்புகிறேன். சர்க்கரை நோயை வேரோடு விரட்டும் பொடிக்கும் அதே பக்கத்தில்தான் முன்பு இடம் கொடுத்தீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ராத்திரி வீசும் நாற்றத்தைப் பற்றி நான் எழுதியதை 'கடலூரில் காற்று மாசு: வாசகி கவலை' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் ஊர் உங்கள் முதல் பக்கத்துக்கு வர வேண்டுமானால் 2011-ல் வந்த தானே மாதிரி ஒரு புயல் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. சரி, அது வேறு கதை.

பாட்டிலைத் திறக்கவிடாததால் இப்போது வீட்டில் நான்தான் வில்லி. "பேப்பர்லயே போட்டிருக்கான், இவளுக்கு மட்டும் எல்லாம் தெரியுமா?" என்கிறார் நாத்தனார்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. கீமோ எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் சாறு, லேகியம், வைட்டமின் மாத்திரை எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்று அதே இணைப்பிதழில், அதே எழுத்து அளவில் போடுங்கள். ஏழாம் பக்க மூலையில் திருத்தம் என்று போட்டால் நாத்தனார் கண்ணில் படாது. ராசிபலனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் இன்னும் நல்லது, அதை அவர் தவறாமல் படிப்பார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.