பிள்ளைகள் எண்ணிய பிறகு திரையைத் திற

நாகர்கோவில்

அன்பு மகளே,

சுற்றுச்சூழல் மன்றமும் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலும் உன் பொறுப்புக்கு வந்திருக்கின்றன, பாடம் நடத்த நல்ல இணையதளங்களின் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீளமான பட்டியல் தர எனக்கு மனமில்லை மக்களே. முப்பது பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் ஒன்றையும் திறக்கமாட்டார்கள். சில தளங்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் எதை எண்ணுகிறார்கள், யார் எண்ணுகிறார்கள், யாரும் எண்ணாத மாதத்தில் அங்கே என்ன தெரியும் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் முதலில் தங்கள் கண்ணால் பார்த்து, எண்ணி, எழுதட்டும். திரையை அதற்குப் பிறகு திற. இந்த வரிசை மாறினால், திரையில் இல்லாத பறவை குளத்திலும் இல்லை என்று நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

பறவையிலிருந்து ஆரம்பி. குலசேகரம் பக்கம் நடக்கிற தூரத்தில் ஏதாவது ஒரு குளம் இருக்கும். அனுமதிச் சீட்டு தேவையில்லை, மணி அடிக்கும் முன் போய்த் திரும்பிவிடலாம். ஐந்து பேர் ஒரு குழு. ஒருவர் தொலைநோக்கியில் பார்க்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் கடிகாரம் பார்க்க, ஐந்தாவது பிள்ளை சத்தத்துக்கு மட்டும் காது கொடுக்கட்டும். ஒரே இடத்தில் நின்று எண்ணும் முறைதான் மாணவர்களுக்குச் சரி. 30 மீட்டருக்கு மேல் நகரக் கூடாது, 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. தேதி, தொடங்கிய நேரம், நின்ற இடம், எத்தனை பேர் என்பதெல்லாம் முதல் பறவையின் பெயருக்கு முன்பே தாளில் ஏறிவிட வேண்டும். முடித்ததும் எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்துவிடு. இவை இல்லாத பட்டியலை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

அந்தத் தாளைப் பிறகு இ-பேர்டில் ஏற்று. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இலவசத் தளம் அது. உன் ஒரு கணக்கு போதும், பிள்ளைகள் கையில் கைபேசி வேண்டியதில்லை. தவறு நேருவது எப்போதும் அதே சில இடங்களில்தான். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஏற்றும்போது வரைபடத்தில் குறி உன் வீட்டின் மேல் விழுந்துவிடும். சரிபார்க்காமல் அனுப்பினால் நீர்க்காகம் மொட்டைமாடியில் நீந்தியதாகப் பதிவாகும். அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். பிள்ளைகள் காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு அரியதை மட்டும் எழுதியிருந்தால் அதற்கு 'இல்லை' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். 'ஆம்' என்று அழுத்தினால், அந்தக் குளத்தில் காக்கையே இல்லை என்று நீ சான்று கொடுத்த மாதிரி ஆகிவிடும். எண்ண முடியவில்லை என்று எக்ஸ் குறி போடும் பழக்கத்தையும் விடச் சொல். கொக்குக் கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவில் மீதியை மதிப்பிடலாம். பார்த்தது சிறிய நீர்க்காகமா கொண்டை நீர்க்காகமா என்று குழப்பம் வந்தால், இனம் தெரியாத நீர்க்காகம் என்றே பதிய அங்கே வசதி உண்டு. ஊகித்து எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்ற இரண்டு குழுக்களுக்கும் இரண்டு பட்டியல் வேண்டாம். அதே பறவைகள் இருமுறை எண்ணப்படும்.

இப்படி நாலைந்து பட்டியல் சேர்ந்த பிறகு, அதே தளத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் பட்டை வரைபடத்தைத் திரையில் காட்டு. ஒவ்வொரு மாதமும் நான்கு பகுதியாகப் பிரிந்திருக்கும். பட்டையின் தடிமன் பறவைகளின் எண்ணிக்கை இல்லை. அந்த வாரத்து முழுப் பட்டியல்களில், அதாவது அந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' சொன்னவற்றில், எத்தனை சதவீதத்தில் அந்தப் பறவை வந்திருக்கிறது என்பதே. இதை முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் பாடம் முழுக்கத் தடம் மாறும். வெற்றிடமும் சாம்பல் நிறமும் ஒன்றல்ல. வெற்றிடம் என்றால் பட்டியல் உண்டு, அவற்றில் அந்தப் பறவை இல்லை. சாம்பல் என்றால் போதிய பட்டியலே இல்லை. சுசீந்திரம்–தேரூர் குளங்களுக்கு வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தில்தான் ஆட்கள் அதிகம் போவார்கள், சித்திரை வெயிலில் போகிறவர்கள் குறைவு. பதிவு இல்லாததும் பறவை இல்லாததும் வேறு என்பதைப் பிள்ளைகள் இங்கேயே பிடித்துக்கொண்டால், பிறகு எந்தப் புள்ளிவிவரமும் அவர்களை எளிதில் ஏமாற்றாது. பதிவுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன என்பதற்காகப் பறவைகள் கூடுகின்றன என்று யாராவது எழுதினால், பட்டியல் போடுகிறவர்கள் எவ்வளவு கூடினார்கள் என்று திருப்பிக் கேள். இந்தப் பதிவுகளை ஒழுங்காக வடிகட்டினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வந்த அறிக்கையே சாட்சி. அது 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கும் அளவுக்குத் தரவு இருந்ததோ 338 இனங்களுக்குத்தான். அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. இலவசமாகவே பதிவிறக்கலாம். மீதி இனங்களுக்கு ஏன் தரவு போதவில்லை என்பதே ஒரு பாட வேளைக்குத் தாங்கும் கேள்வி.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இந்தியப் பறவைத் தொகுப்பை முன்பே இறக்கிவைத்துவிட்டால் குளக்கரையில் சிக்னல் தேவைப்படாது. ஆனால் அது சொன்னதை மட்டும் நம்பிப் பட்டியலில் சேர்க்காதே. பேச்சிப்பாறைக் காட்டோரத்துத் துடுப்புவால் கரிச்சான் பல பறவைகளைப் போலக் குரல் கொடுக்கும். செயலி அங்கே இல்லாத பறவைகளின் பெயரையும் காட்டிவிடலாம். கண்ணால் பார்க்கும்வரை அது துப்பு மட்டும்தான். வகுப்பில் குரல் பழக்க சீனோ-கான்டோ தளம் நல்லது. ஒலிப்பதிவுகளுக்கு ஏ முதல் இ வரை தரம் இட்டிருப்பார்கள், ஏ தரத்தை மட்டும் எடு. அந்த ஒலியைக் குளக்கரையில் ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைக்க ஒருபோதும் விடாதே. எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டது என்று எண்ணி, கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது ஒலியைத் தேடி அலையும்.

செடி, பூச்சி, தவளைக்கு ஐநேச்சுரலிஸ்ட்; படத்தை ஏற்றினால் பெயர் கண்டுபிடிக்க உதவும் தளம். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தனிக் கணக்கு தொடங்க முடியாது. சின்ன வகுப்புக்குக் கணக்கே தேவைப்படாத சீக் செயலி போதும். ஒரு செடிக்கு முழு உருவம், இலையின் மேலும் கீழும், பூ அல்லது காய் என்று நாலு படமாவது வேண்டும். ஒரே ஓர் இலைப் படத்தைப் போட்டால் கணினி வேறு கண்டத்துச் செடியின் பெயரைக்கூடத் தயங்காமல் சொல்லும். அப்போது பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளப் பழக்கு. பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியை ஏற்றினால் அது வளர்க்கப்பட்டது என்று குறிக்க வேண்டும், இல்லையென்றால் காட்டுச்செடியாகப் பதிவாகிவிடும். கூகுளில் எடுத்த படத்தைத் தன் படம் என்று போடும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்று இருக்கும். முதல் நாளே சொல்லிவை. அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் இடத்தை அந்தத் தளம் தானாகவே சுமார் 20 கிலோமீட்டர் அகலத்துக்கு மறைத்துக் காட்டும். அதைத் துல்லியமான இடம் என்று நினைத்து யாரும் வரைபடத்தில் கோடு இழுத்துவிடக் கூடாது.

உன் பள்ளிக்கூடம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் இருப்பதால் நான் மிகவும் வற்புறுத்துவது, செயற்கைக்கோள் படங்களை வைத்து மரங்களின் இழப்பைக் காட்டும் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தைத்தான். நம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் 2001 முதல் ஆண்டுவாரியாக மரப்போர்வை இழப்பு இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வரும். பார்த்ததும் பிள்ளைகள் காடு அழிகிறது என்று கட்டுரை எழுதத் தொடங்குவார்கள். நிறுத்து. அந்தத் தளத்தில் மரப்போர்வை என்பது 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த எல்லா மரமும்தான். காட்டு மரம், ரப்பர், தோப்பு என்ற பிரிவினை அந்த வரைபடத்தில் கிடையாது. ரப்பரை ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் வெட்டிப் புதுக்கன்று நடுவார்கள். வெட்டிய ஆண்டு இழப்பாக விழும். கன்று வளர்ந்தாலும் அந்தப் புள்ளி அழியாது, ஏனென்றால் மீண்டு வளர்ந்தது தனி அடுக்கில் இருக்கிறது. ஒரு புள்ளி தரையில் சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 22 சென்ட். பத்து சென்ட் வீட்டுமனைக்காக வெட்டிய மரங்கள் அதில் விழாமலே போகலாம். 2011க்கு முந்தைய கணிப்பு முறையும் பிந்தைய முறையும் ஒன்றல்ல, ஆகவே 2005ஐயும் 2020ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடவும் கூடாது.

பயிற்சியை இப்படி வை. உங்கள் ஊராட்சிக்குள் இருபது புள்ளிகளைத் தேர்ந்து அச்சடித்துக் கொடு. பிள்ளைகள் நேரில் போய் இன்று அங்கே என்ன இருக்கிறது என்று எழுதட்டும்: இளம் ரப்பர், கன்றுகளுக்கு நடுவே அன்னாசி, வாழை, வீடு, சாலை. எந்த ஆண்டு வெட்டினார்கள் என்று தோட்டக்காரரிடமோ ரப்பர்ப் பால் வெட்டுகிறவரிடமோ கேட்கட்டும். வரைபடத்தின் ஆண்டு ஒன்று முன்பின்னாக இருக்கலாம். பாதிப் பிள்ளைகளின் வீட்டிலேயே இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அது அவர்களுக்குப் பெரிய பெருமை. கடைசியில் இருபதில் எத்தனை உண்மையான காடழிப்பு, எத்தனை மறுநடவு என்று அவர்களே கணக்குச் சொல்லட்டும். இன்னொன்று: ரப்பர் மரம் மார்கழி, தை வாக்கில் இலை உதிர்க்கும். அந்த மாதத்துச் செயற்கைக்கோள் படத்தில் குன்றுகள் பழுப்பாகத் தெரிவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கூகுள் எர்த்தின் பழைய படங்களில் குளத்தின் பரப்பை அளக்கலாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் வெவ்வேறு ஆண்டுகளின் அதே மாதத்தைத்தான் ஒப்பிட வேண்டும். ஆகாயத்தாமரையும் தாமரையும் மூடிய பகுதி மேலிருந்து நிலம் போலத் தெரியும், குளம் சுருங்கிவிட்டது என்று தப்பாக அளந்துவிடுவார்கள். சுசீந்திரம்–தேரூர் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது குறித்த 94.23 ஹெக்டேர் அந்தத் தலத்தின் மொத்தப் பரப்பு. பிள்ளைகள் அளக்கும் நீர்ப்பரப்பு அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அளவு தப்பு என்று ஆகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயற்கைத் தேர்வுக்கு, கணினியில் சோதனை செய்துபார்க்கும் ஃபெட் தளத்தின் முயல்–ஓநாய் மாதிரி இருக்கிறது. கோப்பாக இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றச் சொல். உணவுச் சங்கிலிக்கு, மீன்களின் தகவல் தளமான ஃபிஷ்பேஸில் சாளை, நெத்தலி, சூரை மூன்றையும் தேடச் சொல்; அறிவியல் பெயரில் தேடினால்தான் சரியான மீன் வரும். தானியங்கிக் கேமரா படங்களுக்கு மொசாம்பிக்கின் கொரங்கோசா தேசியப் பூங்காவை வைத்து பயோஇன்டராக்டிவ் என்ற உயிரியல் கல்வித் தளம் தயாரித்த பாடம் அருமையானது. உள்நாட்டுப் போரில் பெரிய விலங்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்து, மீண்டு வரும் காடு அது. அந்தப் படங்களையே பிள்ளைகள் வகைப்படுத்தலாம். நம் மாவட்டத்து வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அப்படிக் கேமரா வைக்கலாமா என்று கேட்பார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவே கூடாது; மாவட்ட வன அலுவலருக்குத் தலைமையாசிரியர் வழியாகக் கடிதம் கொடு.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பிப்ரவரியில் நாலு நாள் உலகக் கணக்கெடுப்பு, அதில் கல்வி வளாகங்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. அதற்குள் பிள்ளைகள் எண்ணப் பழகியிருந்தால் நல்லது. உங்கள் குளம் இ-பேர்டில் எல்லாரும் பட்டியல் ஏற்றும் பொது இடமாக இல்லாவிட்டால் இப்போதே முன்மொழிந்துவிடு மக்களே. பார்த்து ஒப்புதல் தருகிறவர்கள் தன்னார்வலர்கள், கொஞ்ச நாள் பிடிக்கும்.

அன்புடன்,
அம்மா