கன்னியாவுக்கு வர முதல் வாசிக்க

வவுனியா

அன்பு மகள்,

பேரன் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க ஆசைப்படுகிறான், முதலில் வவுனியாவுக்கு வந்து சேர்ந்து போவோம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் பிள்ளை. வடக்கு ரயில் பாதையும் கிழக்கு ரயில் பாதையும் மாகோ சந்தியிலேயே பிரிந்துவிடும். இங்கிருந்து திருகோணமலைக்கு நேரே தண்டவாளம் இல்லை. நீங்கள் கொழும்புக் கோட்டையில் இரவுக் கோச்சி ஏறி அங்கே வாருங்கள். நாங்கள் ஹொரவப்பொத்தானை வழியாக பஸ்ஸில் வருகிறோம்.

ஏற முதல் பெயர்ப்பலகையைப் பார். மட்டக்களப்புக் கோச்சியும் கல்ஓயா வரை அதே பாதையில்தான் ஓடும். மாறி ஏறி நித்திரையாகிவிட்டால், கண் விழிக்கும்போது பொலன்னறுவையைத் தாண்டியிருப்பாய். சரியான கோச்சி என்றால் கல்ஓயாவுக்குப் பிறகு கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வரும். சீனக்குடாவில் அவனை எழுப்பினால் போதும். திருகோணமலையோடு பாதை முடிவதால் இறங்க அவதிப்படத் தேவையில்லை.

இறங்கியதும் எஞ்சினை அவனுக்குக் காட்டு. பெட்டிகளோடு முன்னால் போக வழியில்லாமல் நிற்கும். பிறேக் ஹோஸைக் கழற்றி, கொக்கியை விடுவித்ததும், கொஞ்சம் முன்னுக்குப் போய்ப் பக்கத்துப் பாதைக்கு மாறும். பெட்டிகளைக் கடந்து வந்து மற்ற நுனியில் கொழுவும். அந்த அசைவுக்காகத்தான் பாதை முடியும் இடத்தில் ஒரு எஞ்சின் நீளத்துக்காவது வெறுமையாக விட்டிருப்பார்கள். ஹோஸுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிறேக் தளரும்; ஹோஸ் சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று உள்ளே புகுந்து பிறேக் இறுகிவிடும், வண்டி அசையாது. அந்தப் பிறேக் அப்படி இருப்பது நல்லதுதான்: வழியில் பெட்டி கழன்றாலும் தானாக நின்றுவிடும். எஞ்சின் உடனே மாறாவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

கன்னியா அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர், அநுராதபுர வீதியில். ஓட்டோ என்றால் போகவும் வரவும் காத்து நிற்கவும் சேர்த்துக் காசை முதலே பேசு. பஸ் என்றால் கன்னியாச் சந்தியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். எங்கள் பஸ்ஸும் பட்டினத்துக்கு முன்னமே அந்தச் சந்தியைக் கடக்கும், அங்கேயே இறங்கிவிடுவோம்.

கிணறுகள் ஏழு, சதுரமாகக் கட்டியவை. ஆழம் 3, 4 அடிதான், அடி தெரியும். ஆனால் உள்ளே இறங்கக் கூடாது, வாளியால் அள்ளித்தான் வார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. கையை வைத்துப் பார்த்து, இளஞ்சூடான கிணற்றில் தொடங்கு. அவனுக்கு முதலில் காலில் வார், பிறகு தோளில், கடைசியில் தலையில். 10, 15 வாளி அள்ளினால் கிணறு வற்றிவிடும், ஊறும் வரை நிற்க வேண்டும். அதனால் சனம் கூட முன்னம், காலையிலேயே குளித்து முடிப்போம். ஆடி அமாவாசையை ஒட்டி மட்டும் நாள் வைக்காதே, பிதிர்க்கடன் செய்ய வருகிறவர்கள் நிறையப் பேர்.

எரிமலை இருக்கிறதா என்று கேட்பான். இலங்கையில் எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது என்று சொல்லு.

வாளியும் துவாயும் அம்மா கொண்டு வருவா. அவனுக்கு வழுக்காத செருப்பாகப் போட்டுக் கூட்டி வா, கிணற்றடி எப்போதும் ஈரம்.

அன்புடன்,
அப்பா